விந்தணுவுக்கு ஒரு ஜெபம்

நான் எலியின் விந்தணுவை ஆராய்ச்சி செய்கிறவள். கும்மிடிப்பூண்டியில் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவார். என் மாமியார் சின்னப்பொண்ணு அதற்கும் இடம் வைக்கவில்லை. "மருமவ மருந்து கம்பெனில கீறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். லோக்கல் ட்ரெயின் பிடித்துச் சென்னைக்குப் போய் எலிகளோடு மல்லுக்கட்டுவது நான், பெயர் மருந்து கம்பெனிக்கு.

எனக்கும் எபினேசருக்கும் கல்யாணமாகி நான்கு வருடம். குழந்தை இல்லை. எபி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸில் வேலை செய்தவன். எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்து ஒரு குறையும் இல்லை என்றான பிறகு, கெஞ்சியும் மிரட்டியும் அவனை டெஸ்டுக்கு அழைத்துப் போனேன். விந்தணு எண்ணிக்கை குறைவு. இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் தலை சரியாக உருவாகவில்லை. சூட்டை விட்டு விலகச் சொன்னார் டாக்டர். சில மாதம் கழித்து எபி லாரிகளை நிறுக்கும் எடைமேடை வேலைக்கு மாறினான். ரிசல்ட் வந்த அன்றே, "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம் ஷைனி" என்றான். சரி என்றேன்.

சரி என்று சொன்னதன் அவஸ்தை சர்ச்சில்தான் தெரிந்தது. மாதம் ஒரு ஞாயிறு, பாஸ்டர் பாக்கியநாதன் மைக்கில் கூப்பிடுவார்: "பிள்ளை பாக்கியத்துக்காகக் காத்திருக்கிற சகோதரிகள் முன்னால வாங்க." சகோதரிகள் மட்டும்தான். மாமியார் என் முதுகில் கை வைத்துத் தள்ளுவார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நிற்பேன். ஜெபத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் என்னிடம் இல்லாத குறையை நீக்கச் சொல்லி என் தலையில் கை வைத்துக் கேட்கும்போது பற்றிக்கொண்டு வரும். ஆண்கள் பக்கத்தில் எபி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எடைமேடைக்குப் போய் ஒரு மாதம் ஆனதும், எனக்குக்கூடச் சொல்லாமல் மறுபடி டெஸ்ட் எடுத்து வந்தான். எதுவும் மாறவில்லை.

"அப்டியேதான் கீது. அங்க பசங்க இன்னாடா சூடு தாங்கலியான்னு கலாய்க்கிறானுங்க. நாளைக்கே ஃபர்னஸுக்குப் போறேன்" என்றான்.

"போ. அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாத. இன்னிக்குக் குடுத்தது இன்னிக்கு உருவானதுன்னா நெனச்ச?"

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வேறு எதில் தடுமாறினாலும் இந்த விஷயத்தில் நான் தடுமாற மாட்டேன். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். கடைசிக் கட்டத்தில் அதன் தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. மூட்டை கட்டியதுபோல் இறுகிவிடும். அதன் பிறகு அதிலிருந்து எதையும் புதிதாகப் படியெடுக்க முடியாது. அதனால் பின்னால் வேண்டிய புரதங்களுக்கான கட்டளைகளை, தூது ஆர்.என்.ஏ.க்களை, செல் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும். எழுதியதுமே வேலை தொடங்கிவிடாது. வேறு சில புரதங்கள் அவற்றைப் பல நாள் பிடித்து நிறுத்தி வைக்கும். நேரம் வந்து விடுவித்த பிறகுதான் அந்தக் கட்டளைப்படி புரதம் உருவாகும்.

"முன்னாடியே உட்டா இன்னா ஆவும்?" என்றான்.

"தலை சீக்கிரமே இறுகிக்கும். செல் அதோட நின்னுடும். எங்க எலிங்ககிட்ட பாத்துக்கீறோம். சூடு ஏறினாலும் பேஜாருதான். தான் பொழைச்சாப் போதும்னு செல்லு அந்தக் கட்டளைங்கள ஓரங்கட்டிடும், நேரத்துக்கு நடக்க வேண்டியது நடக்காது. நீ இப்பக் குடுத்தது ஃபர்னஸ்ல நின்னப்போ ஆரம்பிச்சது. எடைமேடைக்கு வந்தப்புறம் ஆரம்பிச்சது இன்னும் உள்ள வளந்துகினு கீது."

"சரியாயிடுமா?"

"ஆவும்னு நம்பறேன். இன்னும் ரெண்டு மாசம் சூட்டுல நிக்காத. அதுக்கு முன்னாடி யாரு இன்னா சொன்னாலும் அது கணக்கில்ல."

எபி ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, "கொறை எங்கிட்ட இருக்கச்சொல்ல, நீ இன்னாத்துக்கு சர்ச்சுல போய் நிக்கிற?" என்றான்.

"நீ நிக்கலியே, அதான்."

இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், பட்டென்று வந்துவிட்டது. அவன் முகம் சுருங்கியது. எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மறுநாள் அவன் ஃபர்னஸுக்குப் போகவில்லை, எடைமேடைக்கே போனான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த முறை பாஸ்டர் சகோதரிகளைக் கூப்பிட்டபோது வழக்கம்போல் மாமியார் தள்ள, வழக்கம்போல் போய் நின்றேன். பக்கத்தில் வேறு யாரோ வந்து நிற்பது தெரிந்தது. முக்காட்டை விலக்கிப் பார்த்தேன். எபி.

பாஸ்டர் மைக்கை இறக்க மறந்துவிட்டார். "தம்பி, இது சகோதரிகளுக்கு..."

"தெரியும் ஐயா. கொறை எங்கிட்டதான். ஃபர்னஸ் சூட்டுல வந்தது. விந்தணு நல்லபடியா உருவாவணும்னு எனக்கு ஜெபம் பண்ணுங்க. ஷைனிக்கு ஒன்னும் இல்ல."

அந்தச் சொல் ஸ்பீக்கரில் தெருமுனை வரை போயிருக்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே வெளியில் சொல்லத் தயங்குகிற சொல்லை என் புருஷன் மைக்கில் சொல்லிவிட்டான் என்று பெருமையாக இருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமியார் எழுந்து விறுவிறுவென்று வந்தார். மகனை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் அவனைப் பார்க்கக்கூட இல்லை. என் கையைப் பிடித்தார்.

"நீ வந்து உக்காரும்மா. இத்தினி நாளு நின்னது போதும். அவன் நிக்கட்டும்."