பத்தியத்தில் பால் இல்லை

அண்ணன் கையிலிருந்த பால் டம்ளரை ஜோதிலட்சுமி வெடுக்கென்று பிடுங்கினாள். பாதிப் பால் சிந்தி, கட்டிலில் கிடந்த அக்காவின் போர்வையில் விழுந்தது.

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?" என்றார் நாறும்பூநாதன். "சீவன் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒரு வாய் பால் ஊத்தி அனுப்ப வேண்டாமா?"

"ஒரு மண்டலமா அவ கண்ணுல பாலைக் காட்டுனியளா அண்ணே? மோர் கேட்டாளாமே, அதயாவது குடுத்தியளா? இப்ப ஊத்துதியளாக்கும்."

கூடத்தில் தெருவே கூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் காலையிலேயே கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சுச் சளி நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டதாம். எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமே இல்லையாம். எங்கிருந்து இருக்கும்?

அண்ணன் வீட்டோடு இருந்த அக்கா சண்முகசுந்தரிக்கு மனச்சோர்வு புதிதில்லை. ஓரிரு வருடம் நன்றாக இருப்பாள். வாசல் நிறையக் கோலம் போடுவாள், மகள் லோகாவோடு சினிமாவுக்குப் போவாள். பிறகு ஒரு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் மாதக்கணக்கில் எழமாட்டாள். அப்பாவும் அப்படித்தான் படுத்தார். அக்கா தங்கை இருவரின் ரத்தத்தையும் சோதித்த திருநெல்வேலி டாக்டர் உடைத்துச் சொன்னார்: "மனச்சோர்வுக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா பி வைட்டமினை உடம்பு சரியா எடுத்துக்காத கோளாறு உங்க குடும்பத்துல வழிவழியா வருது. நீங்க சுத்த சைவம் வேற. பி12 கிடைக்கிறதே பால், தயிர்லதான். ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திராதீங்க."

புளியங்குடியில் வாழ்க்கைப்பட்ட ஜோதிலட்சுமி மாதம் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டாள். எழுந்து நடமாடினாள், சமைத்தாள், ஊரோடு சண்டை போட்டாள். அக்காவும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள், அண்ணனுக்குக் குற்றாலத்தின் ஞாபகம் வரும்வரை.

சாரல் தொடங்கியதும் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். தலை நிறைய எண்ணெய் வைத்து ஒரு மண்டலம் அருவியில் நின்றால் சித்தம் தெளியுமாம். அதுவரை இங்கிலீஷ் மருந்து கூடாது. பால், தயிர், மோர் எதுவும் கூடாது, சளி பிடிக்குமாம். விடிந்தும் விடியாமலும் ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குக் கூட்டிப்போய், பல் கிட்டிக்க அவளைத் தண்ணீரில் நிறுத்தினார். சளி பிடிக்குமென்று பாலை நிறுத்திய புத்திசாலிக்கு, அருவியில் நனைந்தாலும் சளி பிடிக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

"நானுந்தானட்டி அவகூட நனைஞ்சேன்." அண்ணன் போர்வையில் சிந்திய பாலைத் துண்டால் ஒற்றினார். "நானும் பத்தியம் இருந்தேன். ஒரு வாய் காப்பி குடிக்கல. இவ நல்லா ஆவணும்னுதான..."

அதைத்தான் ஜோதிலட்சுமியால் தாங்க முடியவில்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். இந்தப் பாசத்தை என்ன செய்வது?

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. அது பரம்பரையா வாறதுன்னு சொன்னாரே!"

"மெதுவாப் பேசு ஜோதி," என்று மதினி அவள் முழங்கையைக் கிள்ளினாள். "கல்யாணத்துக்கு ஒரு பிள்ள நிக்கு. குடும்பத்துக்கே கோளாறுன்னு ஊருக்குத் தம்பட்டம் அடிக்காத."

அந்தப் பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் நின்றது. ஜோதிலட்சுமி அப்போதுதான் லோகாவைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கிட்டே போனதும் எண்ணெய் வாடை அடித்தது.

"நீயுமாட்டி அருவியில குளிச்சே? பத்தியமுமா?"

"மாமாதான் சொன்னாவ. எனக்கும் வராம இருக்கட்டும்னு." லோகா குரலைத் தாழ்த்தினாள். "சித்தி, எனக்கு காலு ரெண்டும் மரத்துப்போயி மதமதன்னு இருக்கு. காலைல எந்திரிக்கவே பிடிக்க மாட்டேங்கு."

அப்பா, அக்கா, இப்போது இது.

அண்ணன் டம்ளருக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அக்காவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடி ஏறும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மதினிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஜோதிலட்சுமி அழவில்லை. அக்காவின் கண்களை மூடிவிட்டாள். லோகாவின் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப்போனாள். மீதிப் பாலைத் தொட்டியில் கொட்டினாள். ஃப்ரிட்ஜிலிருந்து புதுப் பால் பாக்கெட்டை எடுத்துக் கிழித்து, சட்டியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அய்யோ, பொணம் கெடக்க வீட்டுல அடுப்பு மூட்டுதா பாரு!" கூடத்திலிருந்து மதினி அலறினாள்.

"மூட்டத்தான் செய்வேன். இன்னொரு பொணம் விழணுமோ இந்த வீட்டுல?"

பால் பொங்கியது. டம்ளரில் ஊற்றி லோகாவின் கையில் திணித்தாள்.

"குடி. பால் மட்டும் பத்தாது. காரியம் முடிஞ்சதும் ரத்தம் பாக்க எங்கூட வாற. எவன் தடுக்கான்னு பாக்கேன்."

லோகா வாசல் பக்கம் பார்த்தாள். நாறும்பூநாதன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வரலாமா என்று தெரியாதவர்போல் நின்றவர், கையை எட்டி அலமாரியிலிருந்து சீனி டப்பாவை எடுத்து நீட்டினார்.

ஜோதிலட்சுமி அதை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லோகா வாங்கினாள். ஒரு கரண்டி போட்டு, கலக்காமலே குடிக்கத் தொடங்கினாள்.