ஒரு பக்கத்தில் அப்பா

1

இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ‘முதல்முறை வக்கீலிடம் போகிறவர்களுக்கு’. எளிய தமிழ், இரண்டு பக்கம், பயமுறுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எழுதத் தெரிந்தவள் என்று நம்பிவிட்டார்கள். உட்கார்ந்தேன். வந்து விழுந்தது இந்தக் கதை.

இதில் வருகிற மகள் நான்தான். ஆனாலும் ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். அடுத்தவளைத் திட்டுவதென்றால் எனக்கு வாய் கூசாது.

2

முதல் தொடக்கம்: வக்கீல் என்பவர் சாமானியனுக்கும் நீதிக்கும் இடையிலான பாலமாக—

[தூ. இதை எவன் படிப்பான்?]

இரண்டாவது தொடக்கம்: அட்டைப்பெட்டி ஆலையின் வெட்டும் இயந்திரம் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு மூடியை அவரே கழற்றினார் என்றது ஆலை. நஷ்டஈடு இல்லை, வேலையும் இல்லை.

பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

3

அப்பாவுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. விபத்தைப் பற்றிக் கேட்டால் அதற்கு முந்தின வாரத்துக்குப் போய்விடுவார்.

“பஸ்ஸை விட்டு இறங்குறேன், செருப்பு வாரு அறுந்து போச்சு. கையில தூக்கிக்கிட்டு நடக்குறேன், லேட்டாயிடுச்சு...”

“அப்பா, இது செருப்பு கேஸ் இல்லப்பா,” என்றாள் அவள்.

அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

வக்கீலுக்குக் கொடுக்க மகளே ஒரு பக்கம் தட்டச்சு செய்தாள். தேதி, நேரம், காயம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. செருப்பும் கிடையாது.

(இவளை எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா வளவளவென்று பேசினால் ‘படிக்காத குடும்பம்’ என்று வக்கீல் நினைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ‘அவங்க நேரத்தை மதிக்கணும்ல’ என்று பெயர் வைத்திருந்தாள்.)

4

வக்கீலம்மா கெட்டவரில்லை. ஒரு வரைவில் கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பக்கத்தைப் படித்து முடித்து, நேராக அப்பாவைக் கேட்டார்.

“வேற ஏதாவது இருக்கா? சின்ன விஷயம்னாலும் சொல்லுங்க.”

அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். “அது வந்தும்மா, முந்தின வாரம் பஸ்ஸை விட்டு இறங்குறேன்...”

“அவ்ளோதான் மேடம். எல்லாம் அதுலயே இருக்கு,” என்றாள் அவள்.

அப்பா சாய்ந்துகொண்டார். “பாப்பா எழுதினா கரெக்டா இருக்கும்.”

மனு தயாரானதும், அப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் வக்கீலம்மா. “நான் படிச்சுட்டேன் மேடம்,” என்றாள் அவள். அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார்.*

5

குறுக்கு விசாரணையில்தான் அப்பா அந்தக் கதையை முடித்தார். அங்கே அவரை நிறுத்த அவளால் முடியாது. லேட்டாகப் போனவர் மன்னிப்புக் கேட்கச் சூப்பர்வைசரைத் தேடிப் போயிருக்கிறார். மூடி இருந்தால் வேலை ஓடாது, கழற்றிப் போடு என்று சூப்பர்வைசர் மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டிருக்கிறார்.

“இது மனுவுல எங்க இருக்கு?” என்றார் ஆலையின் வக்கீல். “உங்க வக்கீல்கிட்டயாவது சொன்னீங்களா?”

அப்பா பின்வரிசையில் இருந்த அவளைப் பார்த்தார்.

“இல்லீங்க ஐயா. மறந்துட்டேன்.”

தீர்ப்பில் அதற்கு ஒரே வரி: பிற்பாடு ஜோடித்துச் சொன்னது, நம்புவதற்கில்லை.

* பிரசுரத்துக்கென்று தேறியது இவ்வளவுதான்: வக்கீலிடம் முழுசாகச் சொல்லுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று பிரிப்பது அவர் வேலை. கூட வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வரவும். வரிவரியாக வாசித்துக் கேட்காமல் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

6

முடிவு ஒன்று: மெக்கானிக் மனம் மாறிச் சாட்சி சொல்ல வருகிறார். [வரமாட்டார். அவருக்கும் வேலை வேண்டும்.]

முடிவு இரண்டு: மகள் அழுகிறாள். அப்பா அவள் தலையைத் தடவி— [எந்தக் கையால் என்று யோசித்தேன். நிறுத்திவிட்டேன்.]

நடந்ததைச் சொல்கிறேன். மேல்முறையீட்டுக் கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள். வக்கீலம்மாவிடம் அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

“முன்னாடியே ஏன் சொல்லலன்னு காரணம் காட்டணும்,” என்றார் அவர் அப்பாவிடம். “பொண்ணு தடுத்துட்டான்னு எழுதிக் கேட்டுப் பாக்கலாம். ஒத்துக்குவாங்கன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்.”

“பாப்பாவை இதுல இழுக்காதீங்கம்மா. நான் மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்.”

“பொய்யா எழுத முடியாதுப்பா,” என்றாள் அவள்.

“அப்ப எழுதவே வேணாம்.”

வக்கீலம்மா காகிதத்தைத் தள்ளி வைத்தார். “சரி, அது கிடக்கட்டும். நீங்க முதல்லேருந்து சொல்லுங்க. செருப்பு அறுந்ததுலேருந்தே சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் கேக்குறேன்.”

அப்பா சுவரைப் பார்த்தார்.

“பாப்பாவையே கேளுங்கம்மா. எனக்குக் கோர்வையா வராது.”

7

அப்புறம் அவர் பேசினாரா என்று எழுதவேண்டிய இடம் இது. எழுதமாட்டேன். அவருக்காக ஒருமுறை எழுதியாயிற்று.

அவர் இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் வக்கீலம்மா. நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். அவரை அவசரப்படுத்தாதீர்கள், அவ்வளவுதான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவுப் பக்கமாக நிற்கிறேன். இதுவரை ஒரு சத்தமும் இல்லை.