முதுகு காட்டும் நாற்காலி

விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து நின்றபோது கிடங்கில் இருந்தவர்கள் நால்வர்: மேஸ்திரி வேலை பார்க்கும் சுபேதார், டிரைவர், சமையல்காரர், ரேடியோக்காரன். நால்வரும் ராணுவத்தில் இருந்தவர்கள். அங்கே பார்த்த வேலையே இங்கே பெயராக ஒட்டிக்கொண்டது. மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், முதலாளி.

ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை. பிடரியில் வாங்கி, மூச்சைப் பிடித்து, பலகை மேல் பன்னிரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும். வியர்வையில் சிமெண்ட் குழைந்து கழுத்தைத் தின்றது. நாற்பதாவது மூட்டையின்போது லாரியின் பின்கதவுக் கொக்கி கழன்று, கதவு இடிபோல் விழுந்தது. ரேடியோக்காரன் மூட்டையோடு குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டான். மணிக்கட்டு முறிந்திருந்தது. அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

முதலாளி இறங்கி வந்தார். கொக்கியைப் பார்க்கவில்லை. சுபேதாரைத் தனியே அழைத்தார்.

"புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போறவங்க யார் யாருன்னு எழுதிக் குடுங்க. மூளை கலங்கினவங்கள வெச்சு நான் தொழில் பண்ண முடியாது. உங்கள மாதிரி கல்லு கணக்கா இருக்கறவங்க போதும்."

சுபேதார் சரி என்றார். சொன்ன வாய் நாள் முழுதும் கசந்தது.

புதன்கிழமைக் கூட்டம் என்பது, முன்னாள் வீரர் நல அலுவலகம் அனுப்பும் ஆலோசகர் அம்மா வேலை முடிந்தபின் கிடங்கின் பின்னறையில் நடத்துவது. அவர் வட்டமாகப் போடும் நாற்காலிகளை இவர்கள் சுவரோரமாக இழுத்துக்கொள்வார்கள். கதவுக்கு முதுகு காட்ட ஒருவனுக்கும் மனம் வராது. முடி வெட்டக் காத்திருக்கிற கூட்டம் மாதிரி இருக்கிறது என்பார் சமையல்காரர். கதவுக்கு முதுகு காட்டும் ஒரு நாற்காலியை மட்டும் அந்த அம்மா நகர்த்த விடமாட்டார். எட்டு மாதமாக அது காலி.

சுபேதார் உள்ளே போனதே இல்லை. காவல் என்று சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பார். காது மட்டும் உள்ளே. அவர் குடும்பத்தில் மனக்கோளாறு என்ற பேச்சு எழுந்ததில்லை. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம் வேறு.

ஆனால் வீட்டில் ஓர் ஒட்டடைக்கம்பு இருந்தது. ஒருமுறை தூக்கத்தில் மனைவியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து கூடத்தில் தனிப் படுக்கை. விடியலில் அவள் எட்டி நின்று, கம்பின் நுனியால் அவர் பாதத்தைத் தொட்டு எழுப்புவாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு கை பட்டு அவர் கண்விழித்து ஐந்து வருஷம் ஆகிறது.

அந்தப் புதன்கிழமை, கம்பு பட்டதும் எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா உள்ளதச் சொல்லிடு."

அவள் கம்பைக் கீழே வைத்தாள்.

மாலையில் அவர் பின்னறைக்குள் நேராக நடந்துபோய் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பிடரி சிலிர்த்தது.

"அண்ணே, திரும்பாதீங்க," என்றான் எதிரே இருந்த டிரைவர். "கதவ நான் பாத்துக்கறேன்."

சுபேதார் ஒட்டடைக்கம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதி சொல்லியிருப்பார், பின்னால் செருப்புச் சத்தம்.

"லிஸ்ட் எங்க, சுபேதார்?"

"எழுதிக்குங்க முதலாளி. மொத பேரு என்னுது."

"உங்களுக்கு என்ன கேடு?"

"அதத்தான் இவங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். கொக்கி தேஞ்சிருக்குன்னு உங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன். அதையும் எழுதிக்குங்க."

"அடுத்தது நான்," என்றான் டிரைவர்.

"என் பேரப் பெருசா எழுதுங்க," என்றார் சமையல்காரர், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

ரேடியோக்காரன் மாவுக்கட்டுப் போட்ட கையை உயர்த்தினான்.

நாளை லாரியை யார் இறக்குவது என்று முதலாளி கேட்டார்.

"கொக்கிய மாத்துங்க," என்றார் சுபேதார். "புதன்கிழமைக் கூட்டத்துல தலையிடாதீங்க. இவன் கை கூடுற வரைக்கும் இவன் பங்கையும் நாங்க தூக்கறோம். ஒருத்தனக் கழிச்சாலும் மூட்டை லாரியிலேயே கெடக்கும்."

நாளைக்கு உங்களுக்குக் கேட் திறக்கிறதா பாருங்கள் என்று மிரட்டிவிட்டு முதலாளி போய்விட்டார்.

சுவரோரமிருந்து ஒரு நாற்காலி தரையை உரசிக்கொண்டு சுபேதாரின் பக்கத்தில் வந்து நின்றது. ரேடியோக்காரன் அதில் உட்கார்ந்தான், கதவுக்கு முதுகு காட்டி.

சுபேதாருக்குப் புத்தி பிசகி, அன்று முதலாளியின் கழுத்தைப் பிடித்துவிட்டார் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். தவறு. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.