நாலு கரிச் சாட்சி

ஓய்வு பெற்று ஏழு மாதமாகியும் ஆபீசர் ஓயவில்லை என்பதுதான் வீட்டிலும் தெருவிலும் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவரும் ஆபீசர்தான். எடையளவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் தராசைத் தட்டிப் பார்த்தே நரைத்தவர். "நான் இல்லாம அங்க ஒரு படிக்கல் நகராது. ஆலோசனைக்கு வாங்க வாங்கன்னு தலைமை அலுவலகத்துல கெஞ்சறாங்க" என்று மாலை போட்டு அனுப்பிவைத்த மறு திங்களே மனைவியிடம் அறிவித்தார். அறிவித்ததோடு சரி. இந்த ஏழு மாதத்தில் அங்கிருந்து ஒருவரும் கெஞ்சவில்லை. சும்மாகூடக் கூப்பிடவில்லை.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! வாரநாள் காலை ஒன்பதரைக்கு, இஸ்திரி மடிப்பால் காய் நறுக்கலாம் என்கிற மாதிரி சட்டையோடு கிளம்பிவிடுவார். இருபத்தெட்டு வயதான அவருடைய கார் தெருவையே இருமி எழுப்பிவிட்டுப் புறப்படும். தலைமை அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில், பதினெட்டு கிலோமீட்டர். கார் போவதோ எட்டுத் தெரு தள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள முட்டுச் சந்து வரை. அங்கே நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் செய்தித்தாள் படிப்பார். குளிர்காற்று வர வேண்டுமானால் இன்ஜின் ஓட வேண்டும். ஓடுகிற இன்ஜின் விக்கி நின்றுவிடாமலிருக்க பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைப் பாதி இழுத்து வைக்க வேண்டும். குறுக்கெழுத்துப் போட்டியின் கடைசிக் கட்டம் நிரம்பியதும் அன்றைய ஆலோசனை இனிதே முடியும்.

கிலோமீட்டர் காட்டும் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடாதா? அதற்குத்தான் அதன் கேபிளைத் தன் கையாலேயே கழற்றி வைத்திருந்தார். தராசுத் தட்டுக்கு அடியில் புளியங்கொட்டை ஒட்டிய கடைக்காரர்களை ஓட ஓட விரட்டிய அதே கை. பெட்ரோல் விஷயத்தில் அவர் அதிர்ஷ்டசாலி. நின்ற இடத்தில் கார் குடித்ததும் போய் வந்திருந்தால் குடித்திருக்கக்கூடியதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

இதில் முள்ளாக வந்து தைத்தவன் மனைவியின் தம்பி. தராசு பழுதுபார்ப்பது அவன் தொழில். எதையும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் தேங்காய் மாதிரி துருவி எடுத்துவிடுவான் என்பதால் குடும்பத்தில் அவனுக்குப் பெயர் துருவி. சொந்தக் கடை வைக்க உரிமம் வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை நான்கு மாதத்துக்கு முன்பே, "அத்தான் தினமும் போறாரே" என்ற நம்பிக்கையில் ஆபீசர் கையில் கொடுத்திருந்தான். அது இன்னும் காரின் டாஷ்போர்டு அறைக்குள்தான் கிடந்தது. கொடுப்பதற்கு அங்கே போக வேண்டும். போனால் வாசலில் நின்று தான் யார் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆபீசருக்கு வாய் வரவில்லை.

விண்ணப்பம் கொடுக்க இன்று கடைசி நாள். விடிந்ததும் துருவி வந்து நின்றான்.

"அத்தான், என் விண்ணப்பம் எந்த மேசையில இருக்கு?"

"மேல போயிருக்கு."

"மேலன்னா?"

"மேலன்னா மேல!"

"மாடியிலயா? எத்தனாவது மாடி அத்தான்?"

ஆபீசர் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். இன்ஜின் நான்கு முறை தும்மியது, கறுப்புப் புகையாக ஒரு கனைப்புக் கனைத்தது, படுத்துவிட்டது.

"நானும் கூட வரேன்" என்று துருவி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான். டாஷ்போர்டு அறைக்கும் அவன் முழங்காலுக்கும் நாலு விரற்கடை இடைவெளி. ஆபீசருக்கு வியர்த்தது. ஒன்பதாவது முயற்சியில் கார் உயிர் பெற்று, நொண்டியடித்துக்கொண்டே ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தது.

ஒர்க்‌ஷாப்பை நடத்துகிறவள் ஐம்பது வயதுப் பெண். எல்லோருக்கும் அவள் மெக்கானிக்கக்கா. போன மாதம்தான் அவள் இந்தக் காருக்கு, இன்ஜினுக்குள் தீப்பொறி போடும் நான்கு புது பிளக் மாட்டியிருந்தாள்.

ஆபீசர் வாயைக் கட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் மைத்துனன் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதிகாரம் இன்னும் உடம்பில் ஓடுகிறது என்று காட்ட வேண்டாமா?

"என்னம்மா, போன மாசம் போட்டது புது பிளக்தானா? இல்ல பழசையே துடைச்சு டப்பாவுல போட்டு எடுத்தீங்களா? முப்பத்து நாலு வருஷம் இந்தத் தில்லுமுல்லைப் பிடிக்கிறதே எனக்கு வேலை, தெரியுமில்ல?"

அவள் கையைத் துணியில் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.

"அப்படியா சார்? அப்ப பிளக்கையே கேட்டுருவோம்."

"பிளக் பேசுமா?" என்றான் துருவி. அவனுக்குக் காது விடைத்துவிட்டது.

"மனுஷன்தான் தம்பி மாத்திப் பேசுவான். இது உள்ள நடந்ததை அப்படியே சொல்லிரும்."

காலி முட்டை அட்டை ஒன்றை பானட் மேல் வைத்தாள். அதன் குழிகளில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சாக்பீஸால் எழுதினாள். எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று மாறிவிடக் கூடாதாம். ஒவ்வொன்றாகக் கழற்றி அதனதன் குழியில் நிறுத்தினாள். நான்கும் அடுப்பில் கிடந்த கரித்துண்டு மாதிரி இருந்தன.

"புதுசுதான். முனை இம்மிகூடத் தேயல, பாருங்க. ஒழுங்கா ஓடின வண்டியில இது பிஸ்கட் நிறத்துல இருக்கணும்."

துருவி குனிந்தான். "ஆயில் ஏறியிருக்குமோ அக்கா?"

"ஆயில்னா ஈரமா, பிசுக்குன்னு இருக்கும். அதுவும் ஒண்ணு ரெண்டுலதான் முதல்ல தெரியும். இது உலர்ந்த கரி." விரலால் தடவிக் காட்டினாள். பூனை முதுகு மாதிரி மெத்தென்ற கறுப்பு விரலில் ஒட்டிக்கொண்டது. "நாலும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கு. ஒரு சிலிண்டர் கோளாறு இல்ல. பெட்ரோல் அதிகமாப் போயிருக்கு, சூடு போதல."

"கார்புரேட்டர் கோளாறுதான்!" என்று ஆபீசர் தாவிப் பிடித்தார்.

"அதைப் போன மாசமே பிரிச்சு சுத்தம் பண்ணிட்டேன். ஏர் ஃபில்டரும் புதுசு." அவள் நிமிர்ந்து ஆபீசரைப் பார்த்தாள். கடை வாசலில் நின்று தான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தது ஆபீசருக்கு நினைவு வந்தது. "தினமும் எவ்வளவு தூரம் சார் ஓட்டறீங்க?"

"போக வர முப்பத்தாறு கிலோமீட்டர்" என்று துருவி முந்திக்கொண்டான். "தலைமை அலுவலகத்துக்கு."

"வாய்ப்பே இல்ல. முப்பத்தாறு ஓடினா இன்ஜின் சூட்டுல இந்தக் கரி தானா எரிஞ்சு போயிரும். இந்த வண்டி ஓடல தம்பி. நிக்குது. சோக்கை இழுத்துவிட்டு, மணிக்கணக்கா ஒரே இடத்துல உறுமிக்கிட்டு நிக்குது."

ஆபீசர் பேப்பரை எடுத்து விசிறிக்கொண்டார். இவள் துருவியோடு முன்பே பேசி வைத்திருப்பாளோ? சந்துக்கு யாரையாவது அனுப்பி வேவு பார்த்திருப்பார்களோ? நேற்றுத் தொட்டிப் பக்கம் ஓர் ஐஸ் வண்டிக்காரன் இரண்டு முறை போனானே, அவன் ஏன் ஐஸ் ஐஸ் என்று கத்தவில்லை?

"டிராஃபிக்" என்றார். "அங்க போற வழியெல்லாம் டிராஃபிக்."

"மூணு மணி நேரமா அத்தான்?"

"மீட்டரைப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றபடி மெக்கானிக்கக்கா ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டாள். ஆபீசர் "அது ரிப்பேர்!" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் கீழிருந்து வந்தது. "கேபிளை யாரோ கழட்டி, துணி சுத்தி, செவப்பு நாடாவால குஞ்சம் வெச்சுக் கட்டியிருக்காங்க. எந்த மெக்கானிக்கும் இவ்வளவு அழகாக் கட்ட மாட்டான் சார். இது ஃபைல் கட்டற முடிச்சு."

துருவி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஆபீசரைக் கலக்கியது. கேள்வி கேட்காத துருவியை அவர் பார்த்ததே இல்லை. அவன் காரின் மறுபக்கம் போய், டாஷ்போர்டு அறையைத் திறந்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவிலிருந்து ஓர் உறையை எடுத்தான். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் படித்தான்.

"மேல போயிருக்குன்னீங்களே அத்தான்" என்றான். "கீழதானே இருக்கு."

ஆபீசர் விசிறுவதை நிறுத்தினார். "மாப்ளே… ஒரு நாள் கூட அவங்க கூப்பிடலடா."

மெக்கானிக்கக்கா இரும்பு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, காதில் விழாதவள் மாதிரி பிளக்குகளைப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினாள். மேல் கரியை ஆபீசரின் சட்டையில் தெறிக்கத் தட்டி, மறுபடி மாட்டி, கேபிளையும் சேர்த்தாள்.

"மிச்சம் இருக்கறதுக்கு மருந்து என்கிட்ட இல்ல. நல்ல ரோட்டுல எண்பதுல அரை மணி நேரம் விடுங்க. தானா எரிஞ்சிரும். எங்கயாவது தூரமாப் போற வேலை இருக்கா?"

"இருக்கு" என்றான் துருவி. "பதினெட்டு கிலோமீட்டர்ல."

ஆபீசர் காரைத் தலைமை அலுவலகத்துக்கு விட்டார். முதல் ஐந்து கிலோமீட்டருக்குக் கார் விக்கியது. பிறகு புகை வெளுத்தது. பத்தாவது கிலோமீட்டரில் இன்ஜின் குரலே மாறி, எடுத்த காரியம் இதுதான் என்பது போல ஒரே சீராக ஓடியது. வெட்கமில்லாத வண்டி என்று ஆபீசர் நினைத்துக்கொண்டார்.

தலைமை அலுவலக வாசலில் புதுக் காவலாளி கையை நீட்டி மறித்தான். "யாரைப் பாக்கணும்?"

ஆபீசர் நெஞ்சை நிமிர்த்தினார். நிமிர்த்திய நெஞ்சில் பக்கத்து இருக்கையின் பார்வை வந்து தைத்தது.

"விண்ணப்பம் கொடுக்கணும்" என்றார்.

"டோக்கன் எடுத்துட்டு மூணாம் கவுன்டர்."

வரிசையில் பதினேழு பேர். அவரை அடையாளம் கண்டுகொண்ட ஒரே ஆள், அவர் கையால் இரண்டு முறை அபராதம் கட்டிய மளிகைக்கடைக்காரர்.

"அடடே, சாரா! வரிசையில நீங்களா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி வியந்தார். ஆபீசர் அரையடி முன்னால் நகர்ந்து பார்த்தார். "பின்னாடி நில்லுங்க சார். வரிசைன்னா ஒழுங்கு வேணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க!"

மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் முத்திரை விழுந்தது. ரசீதைத் துருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தேதியைச் சரிபார்த்து, சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டான்.

"அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றான் திரும்பும் வழியில். "நீங்களே சொல்லிருங்க."

"சொல்றேன். நேரம் பாத்து…"

"எந்த நேரம்? தேதி சொல்லுங்க அத்தான்."

முப்பத்து நான்கு வருடம் கடைக்காரர்களிடம் தான் கேட்ட கேள்வி என்பதால், இதற்குத் தப்பிக்கும் பதில் கிடையாது என்பது ஆபீசருக்கே நன்றாகத் தெரியும்.

மனைவி வாசலிலேயே நின்றாள். கணவரின் சட்டையில் கரி, தம்பியின் முகத்தில் சிரிப்பு. "என்ன, இன்னிக்கு ஆபீஸ்ல இவ்வளவு நேரம்?"

ஆபீசர் காரை விட்டு இறங்கி, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். "நான் ஆபீஸுக்குப் போனதே இன்னிக்குத்தான். இத்தனை நாளாப் போகல."

அவள் கத்துவாள், அழுவாள், அல்லது சிரிப்பாள் என்று மூன்றுக்கும் அவர் தயாராக இருந்தார். அவள் மூன்றையும் செய்யவில்லை. இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப தினமும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு, யார் வீட்டுக்குப் போனீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்ல! தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, கார்லயே உக்காந்திருந்தேன்."

"ஏழு மாசம்."

"ஆமா."

"தனியா."

"குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு…"

அவள் தம்பியைப் பார்த்தாள். இப்படி ஒரு கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறாயே என்ற பார்வை. துருவி தலையைச் சொறிந்தான். "அத்தான் சொல்றது நிஜம்தான்கா. பிளக்கைப் பாத்தா உனக்கே தெரிஞ்சிரும்."

"பானட்டைத் திற, பாத்துருவோம்" என்றாள் அவள்.

ஆபீசர் பாய்ந்து திறந்தார். சூடு கையைச் சுட்டும் விடவில்லை. டிக்கியிலிருந்த ஸ்பானரால் தளர்த்தி, வேட்டி நுனியில் பிடித்துத் துருவி ஒவ்வொரு பிளக்காகத் திருகி எடுத்தான். எடுத்து எடுத்து வரிசையாக வைத்தான். முப்பத்தாறு கிலோமீட்டர் ஓட்டத்தில் நான்கும் வெந்து வெளுத்து, மாசுமருவில்லாத பிஸ்கட் நிறத்தில் இருந்தன. தினமும் எங்கேயோ வெகுதூரம் போய் வருகிற கார் என்று ஒரே குரலில் சொல்லின.