வாழைக்கயர் பட்ட வாள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இராது. பயம் வந்தால் கை சும்மா இராது. பதினாலு வயதில் ஊரில் ஆமிக்காரன் ஒருவன் துவக்கு முனைக் கத்தியால் என் புத்தகப் பையைக் கிளறினான். அன்று தொடங்கிய நடுக்கம் ஐம்பதை நெருங்கியும் போகவில்லை. இங்கே விட்பியில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவிக்குத் தேத்தண்ணிக் கோப்பை நீட்டும்போதுகூட நடுங்கும். நடுங்காத ஒரே இடம், மோர்னிங்சைட்டில் ஒரு மண்டபத்தில் வியாழன்தோறும் நடக்கும் வாள் வகுப்பு.

வகுப்பை நடத்துபவள் மிசுக்கி. வயது முப்பத்தாறு, பகலில் பல் வைத்தியரிடம் வேலை. நாங்கள் பன்னிரண்டு பேர் மரவாளால் பழகுவோம். உருவுவது பெரிய காரியமில்லை. உறையில் திரும்பப் போடுவதுதான் பயம். இடது கை விரல்களை உறையின் வாயில் வைத்துக்கொண்டு, வாளைப் பார்க்காமல் போடவேண்டும். கடைசிக் கால்மணி நேரம் சமுராய்களின் கதை சொல்வாள். தெருவில் ஒருவனின் உறை மற்றவனின் உறையில் தட்டுப்பட்டாலே அந்தக் காலத்தில் வெட்டுக்குத்து வருமாம். அடுத்தவரின் வாளைக் கேளாமல் தொடுவது அவர் முகத்தில் அடித்ததற்குச் சமன் என்றாள்.

அவளிடம் உண்மையான வாள் ஒன்று இருந்தது, பாட்டனுக்கும் பாட்டன் காலத்தது. புரட்டாதியில் அவளுடைய குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. வான்கூவரில் தாய்க்கும் சுகமில்லை. மூன்று கிழமைக்கு வாளைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் தந்தாள். "உங்களுடையது நிதானமான கை" என்றாள். அவள் பேசுவது ஆங்கிலம், நான் தமிழில் சொல்கிறேன். என் கையை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. காருக்குள் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

விசயதசமிக்கு அடுத்த நாள் காலை சாமியறைக்குள் போனேன். அலுமாரிக்குள் வைத்த வாள் அம்பாள் படத்துக்கு முன்னால் உறையில்லாமல் கிடந்தது. அதன் மேல் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வரத்தம்பூ. நடுவில் மூன்று இடத்தில் கறுப்பு.

"இஞ்சாருங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் இரத்தினவேல் பல் துலக்கிய வாயோடு ஓடி வந்தார். அவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார். அங்கே விசயதசமியன்று வாழை மரத்தை அசுரனாக எண்ணி வெட்டும் மானம்பூத் திருவிழா நடக்கும்.

"அம்பாளின்ரை காரியத்துக்குத்தானே எடுத்தனான். மானம்பூவுக்கு வாழை வெட்டக் கோயில் வாள் சரிவராது. தகரம். போன வருசம் வளைஞ்சு சனம் சிரிச்சது. ஐயருக்கும் தோள்மூட்டு நோ. நான்தான் வெட்டினனான்."

"உங்களுக்கென்ன விசரோ? வெட்டிப்போட்டுத் துடைச்சனீங்களோ?"

"பூசை வைச்ச வாளை ஆரும் துடைப்பினமோ?"

இரண்டு கிழமைக்கு மேலாக விரல் படாமல், மூச்சுக் காற்றுப் படாமல், கராம்பு மணக்கும் எண்ணெய் பூசிக் காத்த இரும்பு அது. எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சந்தனம் போனது, கறுப்பு அசையவில்லை. வெள்ளைச் சட்டையில் பட்ட வாழைக்கயர், அந்தச் சாற்றுக் கறை, சட்டை கிழியும்வரை போகாது என்று எங்களுக்குத் தெரியும். இரும்புக்கும் அதேதான். கை நடுங்கத் தொடங்கிற்று.

மிசுக்கி வர ஐந்து நாள் இருந்தது. கைத்தொலைபேசி அடித்தால் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். வகுப்பை விட்டுக் கலைத்தால் இந்தக் கையோடு நான் எங்கே போவேன்? இவரோ சோற்றைக் குழைத்தபடி, "வாங்கேக்கையே உந்தக் கறை இருந்தது எண்டு சொல்லு. அவளுக்கென்ன தெரியப்போகுது" என்றார். வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். ஆனால் அந்த வசனத்தை மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வியாழன் மாலை வகுப்புக்கு அரை மணி முன்னதாக வரச் சொன்னாள். இவர் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்தார். மண்டபத்தில் அவளும் நானும் மட்டும். இரண்டு கையாலும் வாளை வாங்கி, உருவி, விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன?"

"நீங்கள் தரும்போதே இருந்தது."

அந்தக் குரல் என்னுடையதுதான். அவள் கன நேரம் வாளைப் பார்த்தாள். பிறகு அதைத் துணியில் வைத்துவிட்டு, முழங்காலிட்டு, நெற்றி தரையில் முட்ட என்னைக் கும்பிட்டாள்.

"பழுதான வாளை உங்கள் பொறுப்பில் தந்துவிட்டேன். சரியாகப் பார்க்காமல் தந்தது என் பிழை. மன்னியுங்கள்."

அவளுடைய உச்சந்தலை எனக்குத் தெரிந்தது. ஆமிக்காரனுக்கு முன்னால்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அவள் நிமிர்ந்தால் அந்தப் பொய் உண்மையாகிவிடும் போலிருந்தது.

"எழும்புங்கள். நான் சொன்னது பொய். கோயிலில் என் கணவர் வாழை மரம் வெட்டினார். கேளாமல் எடுத்தார். நான் கவனமாகப் பூட்டி வைக்கவில்லை."

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை வெட்டு?"

"மூன்று."

அதற்குத்தான் கண்ணை மூடினாள்.

"தீட்டுகிறவரிடம் அனுப்பவேண்டும். ஒரு வருடம் ஆகும். கறையோடு இரும்பும் கொஞ்சம் போகும், அது திரும்பி வராது." என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நிதானமான கை என்று இனிச் சொல்லமாட்டேன். வகுப்புக்கு வாருங்கள். இப்போது அதை உறையில் போடுங்கள்."

"நானா? கை நடுங்குகிறது."

"தெரிகிறது. பார்க்காமல் போடுங்கள்."

போட்டேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. வாள் உள்ளே போய் முடிந்தபோது சுட்டுவிரலில் நூல் அளவு இரத்தம். அவள் ஒரு கடதாசித் துண்டு தந்தாள். வகுப்பு முடிந்து நான் புறப்படும்போது வாசல்வரை வந்து இன்னும் ஒன்று சொன்னாள்.

காருக்குள் ஏறினேன். இவர் ஸ்டியறிங்கைப் பிடித்தபடி கேட்டார்.

"என்னவாம்? நான் சொன்ன மாதிரிச் சொன்னனியோ?"

"சொன்னனான். பிறகு உள்ளதையும் சொன்னனான்."

"உனக்கென்ன விசரோ? என்னவாம் அவள்?"

"வாற வியாழக்கிழமை உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"என்னையோ? என்னத்துக்கு?"

"மூண்டு தரம் வெட்டின ஆளைப் பாக்கவேணுமாம். வாளோடை இருப்பாவாம்."

இவர் திறப்பை எடுத்து, போடவேண்டிய துவாரத்தில் இரண்டு தரம் தவறவிட்டார். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.