எட்டு மீட்டர் வட்டம்

மூன்று வாரமாக யஹோஸ்காவை ஏரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது அவளுடைய போன். ஏரிக்கரை ஊரான மனாகுவாவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. ஒவ்வொரு தெருவிலும் போன் பிரவுசரில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து, வந்துவிட்டேன் என்று அழுத்த வேண்டும். அவள் நிற்பது வீட்டு வாசலில், வரைபடத்தில் புள்ளி விழுவது தண்ணீரில். மேற்பார்வையாளன் எவெனோர் மூன்று முறை ‘ஆள் வரவில்லை’ என்று எழுதிவிட்டான். நாலாவது விழுந்தால் வேலை போய்விடும்.

“இன்னைக்கு எத்தன மீன் மாட்டுச்சு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான்.

“பழைய பேக்கரி இருந்த எடத்துலேர்ந்து ஏரிப் பக்கமா ரெண்டு தெரு. அங்கதான் நின்னேன், தோன் எவெனோர்,” என்று ‘தோன்’ போட்டு மரியாதையாகவே சொன்னாள்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுது, நீ நெசம் சொல்றே. அப்படித்தானே?”

எல்லாரும் சிரித்தார்கள். இவனைச் சும்மா விடுவதில்லை என்று யஹோஸ்கா அப்போதே முடிவு செய்தாள்.

சந்தையில் போன் ரிப்பேர் பார்க்கும் பெண் இரண்டே நிமிஷத்தில் கோளாறைப் பிடித்தாள். பிரவுசருக்குத் தோராயமான இடத்தை மட்டும் பார்க்க அனுமதி கொடுத்திருந்தது. அதைத் துல்லியமான இடம் என்று மாற்றினாள், வைஃபையை எப்போதும் அணைக்காமல் வைக்கச் சொன்னாள். வரைபடத்தில் புள்ளியைச் சுற்றிப் பாதி ஊரை வளைத்திருந்த வட்டம் எட்டு மீட்டராகச் சுருங்கிவிட்டது.

எல்லாரும் மரியாதையாகத் ‘தோஞா’ என்று கூப்பிடும் மானேஜர் எல்பாவுக்குச் சந்தோஷம். “எல்லார் போன்லயும் இத மாத்திக் குடு,” என்றாள்.

யஹோஸ்கா முதலில் கை நீட்டியது எவெனோரிடம்தான். அவனும் அலட்சியமாகக் கொடுத்தான். அவனும் தெருவில் நிற்பதாகத் தினம் அழுத்த வேண்டியவன்தான், ஆனால் மேற்பார்வையாளனின் புள்ளியை எவன் பார்க்கப்போகிறான் என்ற தெனாவட்டு.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வரைபடம் சுவரில் விழுந்தது. “சூப்பர்வைசரோடதையும் போடுங்க தோஞா, நாங்களும் கத்துக்கறோம்,” என்றாள் யஹோஸ்கா.

நாலு நாள் மதியமும் எவெனோரின் புள்ளி ஒரே இடத்தில் குந்தியிருந்தது. வரைபடத்தில் தெருப்பெயர் இல்லை. அந்த ஊரில் பழைய அடையாளத்திலிருந்து தெருக்களை எண்ணித்தான் விலாசம் சொல்வார்கள்; ‘மேல’ என்றால் கிழக்கு, ‘ஏரிப் பக்கம்’ என்றால் வடக்கு.

“இது எந்த எடம்?” என்றாள் எல்பா.

யஹோஸ்காவுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். “எரிஞ்சுபோன சினிமா கொட்டகை இருந்த எடத்துலேர்ந்து மேல மூணு தெரு. சர்ச் ஒண்ணு இருக்கே, அதுதான்.”

தப்பான விலாசத்தைக் கேட்டுவிட்டு எந்த மனாகுவாக்காரனின் நாக்கு சும்மா இருக்கும்?

“மூணா? மேல ஒண்ணரைத் தெரு, ஏரிப் பக்கம் அரைத் தெரு,” என்று பாய்ந்தான் எவெனோர். “பச்சைக் கதவு போட்ட, பில்லியர்ட்ஸ் ஆடுற கடை. சர்ச்சாம் சர்ச்...”

பாதியில் வாயை மூடினான். எல்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனையே பார்த்தாள். “சாவியையும் பேட்ஜையும் மேசைல வச்சிடுங்க,” என்றாள்.

எவெனோர் யஹோஸ்கா பக்கம் திரும்பினான். “நீ வேணும்னே தப்பாச் சொன்னே.”

“ஆமா,” என்றாள் அவள். “வேணும்னேதான்.”