பதினேழும் பதினெட்டும்

கனாட்டா என்ற ஊரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தான் வெண்டல் ப்ரூசாக். லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பிறர் அனுப்பும் டிவைஸ் ட்ரீ விவரக்கோப்புகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஒரு சிப்பிலிருந்து வெளியே நீட்டும் சின்ன உலோகக் கால்களில் எதற்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்று சொல்லும் கோப்பு அது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் பிறகு கை வைக்க முடியாது. அதனால் அவன் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. கோரின் லவாலேவுக்கும்தான்.

இருவரும் முன்பு ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. இப்போது அவள் ஒரு சின்ன சிப் கம்பெனியில் இருந்தாள். அவர்களுடைய முதல் சிப்புக்கான கோப்பை மூன்றாம் தடவையாகத் திருத்தி அனுப்பியிருந்தாள். வெண்டல் ஒரே ஒரு கேள்வி எழுதினான்: பதினேழாம் காலையும் பதினெட்டாம் காலையும் தனித்தனியாக இயக்கலாம் என்கிறாய், சிப்பை இயக்கும் உங்கள் டிரைவர் நிரல் மட்டும் ஏன் எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறது?

மதியமே போன் வந்தது.

"ஏம்பா, என் உயிரை வாங்கறதுக்குன்னே உக்காந்திருக்கியா? பேரை மாத்தச் சொன்ன, மாத்தினேன். இப்ப இது வேறயா?"

"காரணத்தை ஒரு வரி எழுதிடு, விட்டுடறேன்."

"டிரைவர் எழுதினவன் போன வருஷமே வேலைய விட்டுட்டான். மேனுவல்ல தனித்தனின்னுதான் போட்டிருக்கு."

"மேனுவல் சொல்றது இருக்கட்டும். சிப்பு என்ன பண்ணுது?"

"ராட்சசன்டா நீ" என்று சிரித்தாள். "சரி, அளந்து பாத்துட்டு சொல்றேன்."

பிறகு பேச்சே இல்லை. அடுத்த வாரம் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளே வாசலில் வந்து நின்றாள். கோட்டைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டும் உள்ளயே ஒட்டியிருக்கு. சிப்புலயே தப்பு. வாங்க வந்தவங்களுக்குத் தெரிஞ்சதும் வேணாம்னுட்டாங்க."

"சிப்பைத் திருத்தி மறுபடி செய்யலாமே?"

"அதுக்கு யாரு காசு குடுப்பா? நேத்து எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, கம்பெனிய மூடறோம்னு சொல்லிட்டாங்க."

"நான் கேக்காம இருந்திருந்தா..."

"அப்பவும் ஒட்டிக்கிட்டுதான் இருந்திருக்கும். மூஞ்சியத் தொங்கப்போடாத, பாக்கச் சகிக்கல."

அவன் பட்டாணி சூப்பைச் சூடாக்கி வைத்தான். அவள் இரண்டு கரண்டி குடித்தாள். அலுவலகத்தில் யார் யாருக்குச் சின்னக் குழந்தைகள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் கடைசியில் நான்காம் திருத்தம் வந்தது, அவளுடைய சொந்த முகவரியிலிருந்து. அந்தச் சிப்பை வைத்துச் சோதனைக்காக அனுப்பிய சில சர்க்யூட் பலகைகள் வடக்கே வானிலை நிலையங்களில் இன்னும் ஓடுகின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உதவும் என்று எழுதியிருந்தாள். சம்பளம் கொடுக்க ஆளில்லாத வேலை. இரண்டு கால்களையும் ஒரே தொகுதியாகப் போட்டு, இவற்றைத் தனித்தனியாக இயக்க முடியாது என்று கீழே குறித்திருந்தாள்.

வெண்டல் வரி வரியாகப் படித்தான். ஏதாவது தப்பு கிடைத்தால் இன்னொரு முறை அவளுக்கு எழுதலாமே என்று இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒப்புதல் கொடுத்தான்.

'நன்றி' என்று மட்டும் பதில் வந்தது. அவள் வீட்டை விற்றுவிட்டு மேற்கே வெகுதூரத்திலுள்ள சஸ்கட்டூனில் அக்காவோடு இருக்கப் போய்விட்டாள் என்பது, கோடையில் வேறு யாரோ சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.